இடது கால் சம்பந்தமான நடவடிக்கைகள்

மனிதனுக்கு இரண்டு கால்கள் இருப்பது குறித்து எங்கள் சௌபாக்யா அடுக்ககத்தில் போன ஆயுத பூஜை வரை யாரும் ஆட்சேபணை எழுப்பியதில்லை. மயிலாப்பூரில் லஸ் பக்கம், சந்துக்குள் ஒரு சந்தில் பன்னிரண்டு வீடுகள். முக்கால்வாசிப் பேர் ஓய்வு பெற்றவர்கள். கால் என்றால் எங்களுக்கு மூட்டுவலி, தைலம், டாக்டர், அவ்வளவுதான். அதில் எது செல்லும், எது செல்லாது என்றெல்லாம் நாங்கள் யோசித்தது கிடையாது.

ஆரம்பித்து வைத்தது ஒரு நாகரிகம். மூன்றாம் மாடி ஸ்ரீவத்சன் ஆட்டோமேடிக் கார் வாங்கினான். கிளட்ச் கிடையாது, கியர் மாற்ற வேண்டாம், இரண்டே பெடல். ஒன்று போவதற்கு, ஒன்று நிற்பதற்கு. அடுத்த வருஷத்துக்குள் எட்டு வீட்டில் அதே மாதிரி வண்டி. டிராஃபிக் என்றார்கள், முட்டி என்றார்கள், பெண் போனில் சொன்னாள் என்றார்கள். உண்மையான காரணம், அது பக்கத்து வீட்டில் இருந்ததுதான். பழைய கியர் வண்டியை வைத்துக்கொண்டிருக்கிற என்னை, "இன்னும் கியரா சுப்புராயன் சார்?" என்று இருமல் நிற்காதவனை விசாரிப்பது போல விசாரிப்பார்கள். நானும் என் வண்டியை யார் கண்ணிலும் படாத மூலையில் நிறுத்த ஆரம்பித்தேன்.

எங்கள் சங்கத்துக்குச் செயலாளர் கல்யாணராமன். அரசுத் துறை ஒன்றில் துணைச் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தத் துறை என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அவருக்கு விளங்கியிருந்ததா என்பதும் சந்தேகம். ஆனால் துறை அவரை விட்டுப் போகவில்லை. மோட்டார் போடுவதை 'நீரேற்று நடவடிக்கை' என்பார். லிஃப்ட் நின்றுபோனால் வாட்ஸ்அப்பில் 'பொருள்: மின்தூக்கி இயங்காமை. பார்வை: எனது நேற்றைய செய்தி' என்று ஒரு சுற்றறிக்கை வரும். அதைப் படித்து முடிப்பதற்குள் லிஃப்ட் சரியாகியிருக்கும்.

இரண்டாம் மாடியில் கிச்சாவும் அவர் மனைவி சுப்புலக்ஷ்மி மாமியும். பெண் அனன்யா வெளிநாட்டிலிருந்து வாங்கிக் கொடுத்த ஆட்டோமேடிக் வண்டி, கிச்சா பெயரில் இருந்தது. ஓட்டியது மாமி. கிச்சாவிடமும் லைசென்ஸ் உண்டு. ஆனால் அது பர்ஸை விட்டு வெளியே வந்ததில்லை, அவரும் ஸ்டியரிங் பக்கம் போனதில்லை. மாமி அறுபது தாண்டிக் கற்றுக்கொண்டவர். வண்டியில் ஒரு கீறல் கிடையாது. மாட வீதியில் தேங்காய் மூட்டை, மாடு, மாலை சுமந்த சைக்கிள் எல்லாவற்றுக்கும் நடுவில் புகுந்து வெளியே வந்துவிடுவார்.

தினமும் சாயங்காலம் மாமி தனியாகப் பெசன்ட் நகர் போவார். கடற்கரை ஓரமாக வண்டியை நிறுத்தி, ஒரு தட்டு மிளகாய் பஜ்ஜி வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பி வருவார். அப்படி அங்கே என்னதான் இருக்கிறது என்று நான் ஒருநாள் கேட்டேன்.

"அங்க என்னை யாரும் மாமின்னு கூப்பிடமாட்டா சார். அம்மா இல்ல, பாட்டி இல்ல. பஜ்ஜிக்காரன் 'அடுத்து யாரு'ன்னு கேப்பான். அடுத்தது நான். அது எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு" என்றார். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

ஆயுத பூஜை வந்தது. வழக்கம்போல எல்லா வண்டிகளையும் கழுவி, பொட்டு வைத்து, மாலை போட்டு, வாழைக்கன்று கட்டி, கீழே வரிசையாக நிறுத்தினோம். நாலு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம். கற்பூரம் காட்டியதும் வண்டியை நகர்த்திப் பழத்தை நசுக்க வேண்டும். மற்ற நாளெல்லாம் யார் ஓட்டினாலும், பழம் நசுக்குவது மட்டும் குடும்பத் தலைவர்தான் என்று சாஸ்திரிகள் சொல்லிவிட்டார். அப்படி ஒரு சாஸ்திரம் காருக்கு எப்போது எழுதினார்கள் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. கிச்சா புது வேஷ்டியோடு ஏறி உட்கார்ந்தார். மாமி இறங்கி ஓரமாக நின்றார்.

ஆட்டோமேடிக் வண்டி, பிரேக்கிலிருந்து காலை எடுத்தாலே தானாக மெல்ல நகரும். பழம் தடுத்ததால் ஒரு நிமிஷம் நகரவில்லை. கிச்சா லேசாக அழுத்தினார். பழம் நசுங்கியது. நசுங்கிய சந்தோஷத்தில் பிரேக்கை மிதிப்பதாக நினைத்து அதே பெடலை இன்னும் பலமாக அழுத்தினார். வண்டி வாழைக்கன்றோடு கிளம்பி நேராக மோட்டார் ரூம் கதவுக்குள் நுழைந்துவிட்டது. யாருக்கும் அடியில்லை. பண்டிகை நாளும் அதுவுமாகப் பன்னிரண்டு வீட்டிலும் தண்ணீர் நின்றுபோனது.

உடனே மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. கல்யாணராமன் தலைவர். பொருளாளர் ஸ்ரீரங்கன் உறுப்பினர். கியர் வண்டிக்காரன் என்ற முறையில் என் இரண்டு காலுக்கும் ஏற்கெனவே சட்ட அங்கீகாரம் இருப்பதால், நடுநிலையாளர் என்று என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். மாலை டிபனுக்குக் கேசரியும் வெங்காய பஜ்ஜியும் ஏற்பாடாகியிருந்ததால் நானும் மறுக்கவில்லை.

கிச்சாவை விசாரித்தோம். எத்தனை காலால் ஓட்டினீர்கள் என்று கல்யாணராமன் கேட்டார். ஒரு காலால்தான், வலது காலால், இடது காலைத் தொடவே இல்லை என்றார் கிச்சா. ஆட்டோமேடிக் வண்டியை ஒரு காலால் ஓட்டுவதே முறை என்று ஓட்டுநர் பள்ளியிலும் சொல்கிறார்கள், கம்பெனியிலும் சொல்கிறார்கள். ஆகவே கிச்சா முறைப்படி ஓட்டியிருக்கிறார். முறைப்படி ஓட்டினால் விபத்து நேராது. நேர்ந்திருப்பதால், விபத்துக்குக் காரணம் கிச்சா அல்ல. இதுவரை எனக்கும் புரிந்தது.

அடுத்து, தினமும் அந்த வண்டியை ஓட்டுகிறவர் என்பதால் மாமியைக் கூப்பிட்டார்கள். அவர் கொஞ்சமும் தயங்காமல், வலது கால் ஆக்ஸிலரேட்டருக்கு, இடது கால் பிரேக்குக்கு, கற்றுக்கொண்ட நாளிலிருந்து இப்படித்தான் என்றார்.

ஸ்ரீரங்கன் கையிலிருந்த பஜ்ஜியைத் தட்டில் வைத்துவிட்டார். கல்யாணராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இரண்டு காலா?" என்று மட்டும் கேட்டார்.

"குக்கர் விசிலுக்கு ஒரு கால், காலிங் பெல்லுக்கு ஒரு காலுன்னு முப்பத்தஞ்சு வருஷம் நின்னவ நான். ஒரு காலைச் சும்மா வெச்சுக்கோன்னா அது கேக்க மாட்டேங்கறது" என்றார் மாமி. "ஆனா நான் இன்னிவரைக்கும் எதையும் இடிக்கலையே."

இடித்தாரா இல்லையா என்பது விசாரணை வரம்புக்குள் வராது என்று அவருக்குத் தெரிவிக்கப்பட்டது. அறிக்கை மறுநாளே வந்தது. 'மேற்படி வாகனம் நெடுங்காலமாக இரு கால்களாலும் இயக்கப்பட்டு வந்தமையால், ஒற்றைக் காலின் ஆணைக்குக் கீழ்ப்படியும் பழக்கத்தை இழந்து, முறையான ஓட்டுநரின் உத்தரவைத் தவறாகப் புரிந்துகொண்டது எனக் குழு கருதுகிறது.' ஆக, குற்றவாளி மாமியின் இடது கால். கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். கேசரி நன்றாக இருந்தது.

பொதுக்குழு கூடியது. அடுக்ககத்துக்குள் ஆட்டோமேடிக் வாகனங்களை ஒரு காலால் மட்டுமே இயக்க வேண்டும் என்று தீர்மானம். கீழ் வீட்டு ஃப்ளோரன்ஸ் டீச்சர் எழுந்தார். சாந்தோம் பக்கம் ஒரு சர்ச்சில் ஆர்கன் வாசிக்கிறவர். ஆர்கனுக்குக் கீழேயும் பெடல் இருக்கிறது, இரண்டு காலாலும் வாசிக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை நான் எந்தக் காலை வீட்டில் வைத்துவிட்டுப் போகட்டும் என்று கேட்டார். இசைக்கருவிகள் வாகனம் ஆகா என்று குறிப்பு எழுதிக்கொண்டு அடுத்த பொருளுக்குப் போனார்கள்.

அடுத்த பொருள் கண்காணிப்பு. வண்டிக்குள் யார் எந்தக் காலை வைத்திருக்கிறார்கள் என்று கேமராவில் தெரியாது. வாட்ச்மேனை விட்டுக் குனிந்து பார்க்கச் சொன்னால் நன்றாக இருக்காது. கல்யாணராமன் இரண்டு நாள் யோசித்து வழி கண்டுபிடித்தார். ஓட்டுகிறவர் கிளம்பும்போது இடது கால் செருப்பைக் கேட்டில் ஒப்படைத்து, கோயிலில் வாங்குவது போல டோக்கன் வாங்கிக்கொள்ள வேண்டும். வெறும் காலால் பிரேக்கை மிதிக்க யாருக்கும் மனம் வராது என்பது அவர் கண்டுபிடிப்பு. ஸ்ரீரங்கன், மழைக்காலத்தில் என்ன செய்வது என்று கேட்டார். மழைக்காலத்துக்குத் தனி ஆணை பிறப்பிக்கப்படும் என்றார்.

அந்த வாரத்திலிருந்து எங்கள் ஆட்கள் ஒற்றைச் செருப்போடு ஊர் சுற்ற ஆரம்பித்தார்கள். வண்டியை விட்டு இறங்கினால் இடது கால் வெறும் கால்தானே. தி.நகர் புடவைக் கடையில், ராயப்பேட்டை மருந்துக் கடையில், ஆழ்வார்பேட்டை பேங்க்கில், எங்கே பார்த்தாலும் சௌபாக்யாவாசிகள் தத்தித் தத்தி நடந்தார்கள். எனக்கு இரண்டு செருப்பும் உண்டு. முதல் தடவையாகக் கியர் வண்டிக்காக நான் பெருமைப்பட்டேன்.

அது அதோடு முடிந்திருக்கும். ஸ்ரீவத்சன் ஒற்றைச் செருப்போடு தான் நடப்பதை வீடியோ எடுத்து, பூமியின் சக்தி இடது பாதம் வழியாகத்தான் ஏறுகிறது என்று நிதானமான குரலில் சொல்லிப் போட்டுவிட்டான். லட்சக்கணக்கில் பார்த்தார்கள். அடையாறில் ஒரு யோகா நிலையம் 'இடப்பாத விழிப்புணர்வு' வகுப்பு ஆரம்பித்தது. தி.நகரில் ஒரு கடை, வலது செருப்பை மட்டும் தனியாக, ஜோடியை விட அதிக விலைக்கு விற்றது. "நீங்க ஒத்தையா, ரெட்டையா?" என்று இளசுகள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். இரட்டைச் செருப்போடு காபி ஷாப்புக்குப் போன என்னை ஒரு பெண் பாவமாகப் பார்த்தாள். மறுபடியும் நான் பழைய காலத்து ஆசாமியாகிவிட்டேன்.

இத்தனைக்கும் நடுவில் மாமியால் எங்கள் குழுவுக்குப் பெரும்பாடு. செருப்பைக் கொடுத்துவிட்டு, வெறும் காலாலேயே பிரேக்கை மிதித்துக்கொண்டு நிம்மதியாகப் போய் வந்துகொண்டிருந்தார். யாராவது கேட்டால் சொல்லியும் விட்டார். பொய் சொல்லத் தெரியாதவர்களால் நிர்வாகத்துக்கு எப்போதும் தொந்தரவுதான். செயல்முறைத் தேர்வு நடத்துவது என்று முடிவாயிற்று.

கீழே நாற்காலி போட்டு விசாரணைக் குழுவின் மூன்று பேரும் உட்கார்ந்தோம். இடது காலைச் சீட்டின் மேல் மடித்து, அரைச் சம்மணம் போட்டு, வலது காலால் மட்டும் கேட் வரை ஓட்டிக் காட்ட வேண்டும். மாமி உட்கார்ந்து பார்த்தார். முட்டி ஸ்டியரிங்கில் இடித்தது. வண்டி ஒரு முழம் போயிற்று, நின்றது. மறுபடி ஒரு முழம், மறுபடி நின்றது. மூன்றாவது தடவை மாமி கையை எடுத்துவிட்டார். முகமெல்லாம் வேர்த்திருந்தது. எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. இருந்தாலும் நானும் சேர்ந்துதான் 'தகுதியின்மை' என்று குறித்தேன். சாவி, வாகன உரிமையாளரும் ஒற்றைக்கால் ஓட்டுநருமான கிச்சாவின் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டது.

பெசன்ட் நகர் நின்றுபோனது. மாமி சாயங்காலமானால் பால்கனியில் வந்து நின்று, கீழே வண்டியைப் பார்த்துவிட்டு உள்ளே போவார். ஆட்டோவில் போய் வரலாமே என்று ஃப்ளோரன்ஸ் டீச்சர் சொன்னாராம். ஆட்டோக்காரரும் "எங்கேம்மா போகணும்"னுதானே கேட்பார் என்றாராம் மாமி. கிச்சா ஒருநாள் என்னைப் படிக்கட்டில் நிறுத்தி, குரலைத் தாழ்த்தி, "சார், எனக்கு வண்டி ஓட்டறதுன்னாலே கை நடுங்கறது. அவளே ஓட்டட்டும்னு சொல்லலாம்னா, கல்யாணராமன் என்னை முன்மாதிரி ஓட்டுநர்னு அறிவிச்சுட்டார். இப்போ நான் எப்படிச் சொல்றது?" என்றார். பொதுக்குழுவில் சொல்லுங்கள் என்றேன். அங்கே நான் ஆதரிப்பேனா என்று அவர் கேட்டார். எனக்கு அன்றைக்கு அவசரமாக ஒரு வேலை இருந்தது.

இதற்குள் எங்கள் புகழ் பரவிவிட்டது. அடுக்ககச் சங்கங்களின் பேரவை ஒன்று தி.நகரில் கூடுகிறது; அதில் ஒற்றைக்கால் திட்டத்தைப் பற்றிக் கல்யாணராமன் உரையாற்ற வேண்டும், பொன்னாடை உண்டு என்று அழைப்பு வந்தது. முன்மாதிரி ஓட்டுநர் கிச்சாவின் வண்டியிலேயே போவது என்று அவர் தீர்மானித்தார். இரட்டைக் காலிலிருந்து திருந்தியவர் என்ற முறையில் மாமியும் மேடையில் இரண்டு வார்த்தை பேச வேண்டும். முன்னால் கிச்சாவும் கல்யாணராமனும், பின்னால் ஸ்ரீரங்கன், நான், மாமி.

அந்தப் பயணத்தைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. கிச்சா ஒரு காலால்தான் ஓட்டினார். அதில் குறை சொல்ல முடியாது. எது எந்தப் பெடல் என்பதை மட்டும் ஒவ்வொரு தடவையும் புதிதாகத் தேடினார். சிக்னலில் நிற்க வேண்டிய இடத்தில் பாய்ந்தார், பாய வேண்டிய இடத்தில் நின்றார். ஒரு தண்ணீர் லாரியின் பின்பக்கத்தில் எழுதியிருந்ததையெல்லாம் மிகக் கிட்டத்தில் வாசித்தேன். குனிந்து பார்த்தால், நான் இரண்டு காலாலும் தரையை அழுத்திக்கொண்டிருக்கிறேன். ஸ்ரீரங்கனும் இரண்டு காலாலும் அழுத்திக்கொண்டிருக்கிறார். முன் சீட்டில் கல்யாணராமனின் முட்டிகள் இரண்டும் விறைத்திருந்தன. வண்டிக்குள் எல்லோரும் பிரேக் போட்டுக்கொண்டிருந்தோம், கிச்சாவைத் தவிர. மாமி மட்டும் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

கூட்டம் அமோகமாக நடந்தது. 'ஒழுக்கம் காலிலிருந்து தொடங்குகிறது' என்று கல்யாணராமன் முழங்கினார். பொன்னாடை போட்டார்கள். திருந்தியவரை அழைத்தபோது மாமி மைக்கைப் பிடித்து, "எல்லாருக்கும் நமஸ்காரம்" என்றார். இரண்டு வார்த்தைதானே கேட்டார்கள், சொல்லிவிட்டு இறங்கிவிட்டார்.

வெளியே வந்தோம். மணி ஐந்தரை இருக்கும். கிச்சா சாவியை எடுத்தார். ஸ்ரீரங்கன் தனக்கு நடப்பது நல்லது என்று டாக்டர் சொல்லியிருப்பதாகச் சொன்னார். நான் இங்கே தெரிந்தவர் ஒருவரைப் பார்க்க வேண்டும் என்றேன். கல்யாணராமன் பொன்னாடையை இறுக்கிப் போர்த்திக்கொண்டு கொஞ்ச நேரம் மரத்தைப் பார்த்தார். பிறகு மாமி பக்கம் திரும்பாமலே, பொதுவாகச் சொல்வது போல, திரும்பும்போது மாமி வண்டியை எடுத்தால் சௌகரியமாக இருக்கும் என்றார்.

"எனக்குத்தான் தகுதி இல்லைன்னுட்டேளே" என்றார் மாமி. "எழுத்துல இருக்கு. எழுத்துல மாத்தினா எடுக்கறேன்."

நியாயமான கோரிக்கை. தேர்வு நடத்திய குழுவில் மூன்று பேரும் இருந்தால் கூட்டம் செல்லும். நாங்கள் மூன்று பேரும் இருந்தோம். கரும்புச் சாறு வண்டிக்குப் பக்கத்தில் அவசரக் கூட்டம் கூடியது. ஆனால் ஒற்றைக்கால் விதியைத் திரும்பப் பெற முடியாது. இப்போதுதான் அதற்குப் பொன்னாடை வாங்கியிருக்கிறோம். கல்யாணராமன் கண்ணை மூடிக்கொண்டு வாசகம் சொன்னார். நான் அழைப்பிதழின் பின்பக்கம் எழுதினேன். 'பொதுநலன் கருதி, மேற்படி உறுப்பினரின் இடது கால், அன்னார் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்திருக்கும் காலம் முழுவதும், வலது காலாகவே கருதப்படும்.'

ஸ்ரீரங்கன் ஒரு சட்டச் சிக்கலைக் கிளப்பினார். அப்படியானால் மாமிக்கு இரண்டு வலது கால் ஆகிறது. விதி ஒரு காலைத்தானே அனுமதிக்கிறது? கல்யாணராமன் அசரவில்லை. 'மேற்கண்ட இரு வலது கால்களும் சேர்ந்து ஒரே கால் எனக் கணக்கிடப்படும்' என்று சேர்க்கச் சொன்னார். ஏகமனதாக நிறைவேறியது. கையெழுத்துப் போட்டோம். இத்தனை வருஷ சர்வீஸில் இவ்வளவு கச்சிதமான ஆணை எழுதியதில்லை என்று அவருக்கே திருப்தி.

மாமி காகிதத்தை வாங்கி நிதானமாகப் படித்தார். மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். கிச்சாவிடம் சாவியை வாங்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்து, கண்ணாடியைச் சரிசெய்தார். நாங்கள் ஆளுக்கொரு கதவைப் பிடித்தோம். நாலு கதவும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டன. ஜன்னல் மட்டும் கொஞ்சம் இறங்கியது.

"எல்லாத்தையும் படிச்சேன். நான் ஓட்டலாம்னு போட்டிருக்கு. யாரையும் ஏத்திக்கணும்னு போடலை" என்றார். "இத்தனை நாள் ஆச்சு, நான் பீச்சுக்குப் போயிட்டு வரேன். " என்றவர் கிச்சா பக்கம் திரும்பி, "ஏன்னா, நீங்க அவாளோட ஆட்டோல ஆத்துக்குப் போயிடுங்கோ. தோசை மாவு ஃப்ரிட்ஜ்ல இருக்கு."

வண்டி ஒரு குலுக்கல் இல்லாமல் நகர்ந்து, பஸ்ஸுக்கும் பூக்கூடைக்கும் நடுவில் புகுந்து, அடையாறு பக்கம் திரும்பிப் போய்விட்டது. கிச்சா அது போகிற திசையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் அவ்வளவு நிம்மதியை நான் அதுவரை பார்த்ததில்லை.

ஒரு ஆட்டோவை நிறுத்தினோம். நாலு பேரா என்று ஓட்டுநர் யோசித்தார். பிறகு "உள்ள தள்ளிக் குந்துங்க சார்" என்று எங்களைப் பின்னால் திணித்துவிட்டு, காதில் போனைச் செருகிப் பேசிக்கொண்டே கிளம்பினார். ஒன்வேயில் எதிர்ப்பக்கமாக நுழைந்தார். இரண்டு பஸ்ஸுக்கு நடுவில், நானாக இருந்தால் சைக்கிளைக்கூட விட்டிருக்க மாட்டேன், அதில் போனார். அவர் எந்தக் காலை எங்கே வைத்திருக்கிறார் என்று எங்களில் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. கல்யாணராமன் மட்டும் அவர் தோளைத் தட்டி, கொஞ்சம் சீக்கிரம் போகச் சொன்னார்.